அலகு இருக்கட்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கழற்றுங்கள்

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். நாங்கள் கேரள எல்லையில் வடகரப்பதி பக்கம் ஒரு வாயனசாலையில் (நூலகத்தில்) கூடும் தமிழ் இளைஞர்கள். மாதம் ஒருமுறை 'அறிவியல் மூலை' என்று சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். ஒரு செய்தி சேனலில் இரவு விவாதம் நடத்தும் பத்திரிகையாளர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவில் ஆழியாறு தண்ணீர்ப் பிரச்சினை வரும்போதெல்லாம் 'அடுத்த 48 மணி நேரத்தில் எல்லையில் கலவரம் வெடிக்கும்' என்று கத்துவார். இங்கே ஒரு சைக்கிள் டயர்கூட வெடித்ததில்லை. ஆனால் அவர் பேசிய மறுநாள் பொள்ளாச்சி சந்தைக்குப் போன எங்கள் ஊர் டெம்போக்காரரை நிறுத்தி நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

அந்தக் கோபத்தில் அவரைக் கிண்டல் செய்து ஐந்து சார்ட் போட்டோம். ஒன்று, அவர் பெயரில் ஒரு நேர அலகு. இரண்டு, அவர் குரலின் டெசிபலில் ஆழியாறு எவ்வளவு ஆவியாகிறது என்ற கணக்கு. மூன்று, அவரை ஒரு புதுத் தனிமமாக்கி தனிம அட்டவணையில் ஒரு கட்டம். நான்கு, ஒரு மருத்துவக் கல்லூரியின் லெட்டர்பேடில் அவருடைய மூளை ஸ்கேன் ரிப்போர்ட், 'வலிப்பு நோய்' என்று. ஐந்து, அவருடைய டிஎன்ஏ ரிசல்ட். நான்காவதை மட்டும் யாரோ போட்டோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள், பலர் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். அவர் ஆபீஸிலிருந்து என்று சொல்லி ஒருவர் போன் செய்து, 'நோட்டீஸ் வரும், சைபர் கேஸில் உள்ளே தள்ளுவோம்' என்றார். இதற்கு நடுவில் என் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, 'டிவியில வர்றவருக்கே வலிப்பாமே, அவரே இப்படிப் பேசறாருன்னா நம்ம பையனும் பெரிய ஆளா வருவான் இல்ல?' என்று கேட்டார். அவர் மகன் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமா? நாங்கள் செய்தது தப்பா?

(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களையும் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தேன். பயத்தோடு காத்திருப்பீர்கள், அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று சார்ட்டும் சுவரில் இருக்கலாம். இரண்டாவதில் கணக்கைத் திருத்துங்கள், மூன்றாவதில் ஒரே ஒரு வரியை எடுங்கள். நான்காவதையும் ஐந்தாவதையும் இன்றே கழற்றுங்கள். போனில் மிரட்டியவருக்குப் பயந்து இல்லை. அந்த இரண்டும் தப்பு, அதனால்.

நான் பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் 22 வருடமாக இருக்கிறேன். சட்டத்துக்கு வருமுன் பொள்ளாச்சியில் பிஎஸ்சி இயற்பியல் படித்தவள். ஆகவே உங்கள் சார்ட்டுகளை வக்கீலாக ஒருமுறையும் பழைய இயற்பியல் மாணவியாக ஒருமுறையும் பார்த்தேன்.

அலகிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உங்கள் கைவேலையில் சிறந்தது. '48 மணி நேரம்' என்று அவர் சொன்ன தேதிகளை ஒன்பது வரிசையாக எழுதி, எதிரே அந்த 48 மணி நேரத்தில் ஊரில் நடந்ததை எழுதியிருக்கிறீர்கள்: கோயில் கொடை, தக்காளி விலை இறக்கம், ஒரு கல்யாணம், மழை. கடைசியில் 'ஆக, இந்த அலகு ஒருபோதும் முடிவதில்லை' என்று ஒரு வரி. இதில் பொய்யாக ஒரு சொல்கூட இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன தேதியோடு அவர் முன்னாலேயே வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, இதற்கு அமெரிக்காவில் ஒரு அண்ணன் இருக்கிறது. நியூயார்க் டைம்ஸில் எழுதும் தாமஸ் ஃப்ரீட்மன், மூன்று முறை புலிட்சர் பரிசு வாங்கியவர், இராக் போர் பற்றி 2003 நவம்பர் முதல் 'அடுத்த ஆறு மாதம்தான் முக்கியம்' என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஃபேர் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு 2006 மே மாதம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. இரண்டரை வருடத்தில் குறைந்தது 14 முறை சொல்லியிருந்தார். அந்த மாதமே டங்கன் பிளாக் என்ற எழுத்தாளர் 'ஒரு ஃப்ரீட்மன் என்றால் ஆறு மாதம்' என்று அலகாக்கிவிட்டார். அந்த அலகு இன்றுவரை நிற்கிறது. அதில் ஃப்ரீட்மனின் முகத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. எண்ணியது முழுக்க அவர் வாயிலிருந்து வந்தது. அவரே மறுக்க முடியாது.

நம்மிடம் இதைவிடப் பழைய வழி உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? உங்கள் வேல்களெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை எதிரியைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கண்ணுக்கு முன்னால் இருந்ததை மட்டும் சொன்னார். போரே பார்க்காத படை என்பது கேட்டவனுக்குத் தானே புரிந்தது. உங்கள் அலகு அந்த வழியில் வந்தது. அதை எடுக்காதீர்கள். இந்தக் கேலி நிலைக்க வேண்டுமென்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒன்பது தேதிக்கும் ஒளிபரப்பான நேரத்தைக் குறித்து, கிடைக்கும் வீடியோவைச் சேமித்து வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, டெசிபல் சார்ட். யோசனை எனக்குப் பிடித்தது, கணக்குதான் பிடிக்கவில்லை. 'ஒரு டிஎம்சி என்றால் ஒரு கோடி லிட்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, சுமார் 2,831 கோடி லிட்டர். தண்ணீருக்காகவே வாழும் ஊரில் இந்தத் தப்பு வரக் கூடாது தம்பி. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் எல்லையோர மணக்கடவில் கேரளாவுக்கு, அதாவது நமக்கு, வர வேண்டியது வருடத்துக்கு 7.25 டிஎம்சி. அந்த எண்ணை இந்தப் பக்கத்து விவசாயி தூக்கத்தில்கூடச் சொல்வார். உங்கள் சார்ட்டை அந்த விவாதக்காரர் கையில் எடுத்து, 'டிஎம்சி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் தண்ணீர் கேட்கிறார்கள்' என்று கேமரா முன் காட்டினால் எப்படி இருக்கும்?

அதனால் நிஜக் கணக்கையே போடுங்கள். அது இன்னும் நன்றாக இருக்கும். ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்தினால் வெளியே வரும் ஒலியின் திறன் சுமார் ஒரு மில்லிவாட், அதாவது வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொதிக்கிற நிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 22.6 லட்சம் ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள், 226 கோடி வினாடி வருகிறது. அவர் சாப்பிடாமல், தூங்காமல், விளம்பர இடைவேளையே விடாமல் ஏறக்குறைய 72 வருடம் கத்தினால், அந்த ஒலி முழுவதும் சூடாக மாறினால், ஒரு லிட்டர் ஆவியாகும். நான் இதை இரவு பத்து மணிக்கு ஒரு பழைய கேஸ் கட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், விடை வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்தால் ஜூலும் வாட்டும் அவளுக்கு மறக்காது. கேலி அறிவியல் என்றாலும் அறிவியல் நிஜமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் இருவரும் ஒரு யானையின் மொத்தத் தோல் பரப்பை எப்படிக் கணக்கிடுவது என்று ஆராய்ந்தார்கள். அதற்கு 2002-ல் கணிதத்துக்கான இக் நோபல் கிடைத்தது. 'முதலில் சிரிக்க வைக்கும், அப்புறம் யோசிக்க வைக்கும்' ஆராய்ச்சிகளுக்கு 1991 முதல் கொடுக்கப்படும் பரிசு அது. கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் யானைப் பாகனிடம் கேளுங்கள், மருந்து அளவுக்கும் உடம்புச் சூட்டுக்கும் அந்தப் பரப்பு எவ்வளவு முக்கியம் என்று. அளந்தவர்கள் பொய்யாக அளக்கவில்லை.

மூன்றாவது, தனிமம். 'ஆவேசியம், அணு எண் 108, ஆம்புலன்ஸ் கூப்பிடவும்.' சிரிப்பு வந்தது. ஆனால் 108 ஏற்கனவே ஹாசியம் என்ற தனிமத்துக்குப் போய்விட்டது. இதுவரை அட்டவணையில் 118 தனிமங்கள் இருக்கின்றன, உங்களுக்கு 119 காலியாக இருக்கிறது. கீழே உள்ள வரிகளைப் பார்ப்போம். 'கேள்வி எதனோடும் வினைபுரியாது.' இருக்கட்டும். 'அருகில் இன்னொருவர் வாய் திறந்தால் மட்டும் வெடிக்கும்.' இருக்கட்டும். 'அரை ஆயுள்: அடுத்த விளம்பரம் வரை.' இருக்கட்டும், நன்றாக இருக்கிறது. ஐந்தாவது வரியில் என் பேனா நின்றது: 'மேலே பணம் தெளித்தால் நிறம் மாறும்.'

மற்றதெல்லாம் அவர் விவாத மேசையில் நடந்துகொள்ளும் விதம். ஊரே பார்த்தது. இந்த ஒரு வரி மட்டும் அவர் லஞ்சம் வாங்கிப் பேசுகிறார் என்று சொல்கிறது. உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? கடிதத்தில் இல்லை. அப்படியானால் அது கேலியின் வேஷம் போட்ட குற்றச்சாட்டு. வேடிக்கை வரிகளுக்கு நடுவில் ஒளிந்திருப்பதால் எழுதிய உங்களுக்கே தெரியவில்லை. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் மற்ற நான்கு வரியைத் தொடவே மாட்டார், இதை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொண்டுவருவார். எடுத்துவிடுங்கள்.

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 என்று எல்லோருக்கும் மனப்பாடமான பிரிவுகள். தண்டனை இரண்டு வருடம்வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அதே பிரிவில் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆறாவது உங்களுக்கானது. ஒருவர் பொதுமக்களின் தீர்ப்புக்கென்று முன்வைக்கும் படைப்பைப் பற்றி, அந்தப் படைப்பில் தெரிகிற அளவுக்கு அவருடைய குணத்தைப் பற்றி, நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம். புத்தகம், மேடைப் பேச்சு, நடிப்பு எல்லாம் இதில் வரும். தினமும் இரவு ஒன்பது மணிக்கு நம் வீட்டுக்குள் வருகிற விவாதமும் வரும் என்றுதான் நான் வாதாடுவேன்.

'நல்லெண்ணம்' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். சட்டத்தில் அதற்கு 'என் மனசு நல்லது' என்று பொருள் இல்லை. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்தது என்று பொருள். ஒன்பது தேதியையும் வீடியோவையும் சேமிக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

இனி நான்காவது.

அந்தப் படத்தைத் திறந்ததும் எனக்கு வயிறு கலங்கியது. மேலே ஒரு நிஜ மருத்துவக் கல்லூரியின் முத்திரை. வலது மூலையில் நோயாளி எண், பரிசோதனைத் தேதி, நரம்பியல் துறை என்று ஒரு சீல். கீழே டாக்டர் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல். 'கற்பனை' என்ற சொல் சார்ட்டின் அடியில் பென்சிலில் இருக்கிறது, பரவிய போட்டோவில் அது வெட்டுப்பட்டுவிட்டது. இதைக் கேலி என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? நீங்கள் அதை ஒட்டிய சுவரில் இரண்டடி தள்ளிக் குழந்தைகளுக்கான தடுப்பூசி அறிவிப்பு இருக்கிறது. பக்கத்துச் சார்ட்டில் எழுதியதை நம்பி ஊசி போடக் குழந்தையைக் கொண்டுபோகும் தாய், இந்தச் சார்ட்டை மட்டும் நம்பக் கூடாது என்றால் அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்ணும் முத்திரையும் போட்டு எழுதினால் ஜனங்கள் நம்புவார்கள். 2016 நவம்பரில் புது 2,000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சிப் இருக்கிறது, பூமிக்கு 120 மீட்டர் கீழே புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும் என்று சில தேசிய இந்திச் சேனல்கள் நேரம் ஒதுக்கி விளக்கின. ஜிபிஎஸ் கருவி சாட்டிலைட்டின் சிக்னலை வாங்கத்தான் செய்யும். தான் இருக்கும் இடத்தைச் சொல்ல அதற்குத் தனியாக பேட்டரியும் டிரான்ஸ்மிட்டரும் வேண்டும். ரிசர்வ் வங்கி அறிவித்த பாதுகாப்பு அம்சங்களிலும் அப்படி ஒன்று இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துச் சந்தையில் காய்கறி விற்கும் ஒரு பாட்டி இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, ரசம் கொதிக்கும் அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சிப் கெட்டுப் போகுமா, போனால் நோட்டு செல்லாதா என்று என்னிடம் கேட்டார். நான் சிரிக்கவில்லை. டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள், அவர் நம்பினார். பொய்யை அறிவியலாக விற்ற அந்தச் சேனல்கள் மேல் நமக்குக் கோபம் வருகிறதல்லவா? உங்கள் நான்காவது சார்ட் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

சட்டத்திலும் இது வேறு ஜாதி. ஒருவர் பெயரைக் கெடுக்கப் போலி ஆவணம் தயாரிப்பது அதே நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு, மூன்று வருடம்வரை. அவதூறு என்றால் பாதிக்கப்பட்டவர்தான் மஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். இதில் போலீஸே நேராக எஃப்ஐஆர் போடலாம். அந்த மருத்துவக் கல்லூரியும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

பல வருடம் முன்பு என்னிடம் ஒரு பையன் வந்தான். உங்கள் வயதுதான். ஊர்ப் பிரமுகர் ஒருவர் குடித்துவிட்டு மேடையேறினார் என்று ஒரு லேப் ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் செய்து விளையாட்டாகப் பரப்பியிருந்தான். கடைசியில் விடுதலையானான், நான்தான் வாதாடினேன். ஆனால் அதற்கு ஐந்து வருடம் ஆனது. நடுவில் ஒருநாள் கோர்ட் வராந்தாவில் தூணோரம் நின்றுகொண்டு ஒரு பிளாஸ்டிக் கவரைத் திறந்து திறந்து பார்த்தான். உள்ளே மஸ்கட் வேலைக்கான கடிதம். வழக்கு நிலுவையில் இருந்ததால் போலீஸ் சான்றிதழ் கிடைக்கவில்லை, வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அவன் அம்மா அன்று எனக்காக வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த இட்லியை என்னால் சாப்பிட முடியவில்லை. உங்களில் யாரையும் நான் அந்தத் தூணோரம் பார்க்க வேண்டாம்.

ஐந்தாவது, டிஎன்ஏ. 'அறுபது சதவீதம் அந்த ஊர், நாற்பது சதவீதம் இந்த ஊர், தந்தை வழி தெளிவில்லை.' இந்த வரி அவரை மட்டும் தொடவில்லை, அவருடைய தாயைத் தொடுகிறது. அந்த அம்மா எந்த விவாதத்திலும் வந்து உட்காரவில்லை. அவர் தனியாகவே அவதூறு வழக்குப் போடலாம், நான் அவர் வக்கீலாக இருந்தால் போடச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். பாலக்காட்டுக்கு மேற்கே போனால் நம்மைப் 'பாண்டி' என்பார்கள். வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் போனால் 'மலையாளத்து ஆளா?' என்பார்கள். ரேஷன் கார்டு ஒரு மொழியில், பிள்ளையின் பாடப்புத்தகம் இன்னொரு மொழியில். ரத்தத்தை வைத்து ஊர் கேட்கும் கேள்வி எப்படிச் சுடும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்களைப் பிரித்து வரைபடத்தில் போட்ட கோடு எந்த டிஎன்ஏவிலும் தெரியாது. மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவி குணம் சொன்ன காலம் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. அந்தப் பொய் அறிவியல் எத்தனை ஜனங்களை 'தாழ்ந்தவர்' என்று முத்திரை குத்தப் பயன்பட்டது என்பது வரலாற்றில் இருக்கிறது. அந்தக் கருவியை நாம் கையில் எடுக்க வேண்டாம், எதிரே இருப்பவர் எவ்வளவு கெட்டவராக இருந்தாலும்.

சரி, இனி நோட்டீஸ்.

போனில் பேசியவருக்குப் பதில் பேசாதீர்கள். எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், அவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அது கோர்ட் உத்தரவு இல்லை, ஒரு வக்கீலின் கடிதம். அதற்குப் பதில் எழுத நேரம் இருக்கும், என்னிடம் கொண்டுவாருங்கள். தனிப் புகாராக அவதூறு வழக்குப் போட்டாலும், குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவுப்படி மஜிஸ்திரேட் அதை எடுத்துக்கொள்ளும் முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். 'சைபர் கேஸில் உள்ளே தள்ளுவேன்' என்பது பெரும்பாலும் இணையத்தில் எழுதுவதைக் குற்றமாக்கிய பழைய ஐடி சட்டப் பிரிவு 66ஏ-வை நினைத்துச் சொல்லும் மிரட்டல். உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ம் தேதி அதை ரத்து செய்துவிட்டது. அதே தீர்ப்பில் நம் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)-யும் போனது. 2020 நவம்பரில் 118ஏ என்று புதிதாக ஒன்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். ஊரெல்லாம் எதிர்த்ததும் சில நாளிலேயே அரசு பின்வாங்கியது. ஆக, பேச்சுக்காக மட்டும் உங்களை உள்ளே தள்ள அவரிடம் சுலபமான கயிறு இல்லை. நீங்களாக அவர் கையில் கொடுத்திருக்கும் கயிறு அந்த லெட்டர்பேட்தான்.

கழற்றும் முன் ஐந்தையும் முழுதாகப் போட்டோ எடுத்து வையுங்கள், அடியில் இருக்கும் பென்சில் எழுத்தோடு. அசலைக் கிழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது. சுருட்டி என் ஆபீஸில் கொடுங்கள்.

அந்த இடத்தில் பெரிய எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும், இப்படி ஒன்றை ஒட்டுங்கள்: 'இங்கே இருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் டிஎன்ஏ ரிசல்ட்டும் நாங்கள் உருவாக்கியவை. எந்த மருத்துவமனையும் கொடுத்தவை இல்லை. அவற்றைப் போட்டது தவறு. சம்பந்தப்பட்டவரிடமும் மருத்துவக் கல்லூரியிடமும் வருத்தம் தெரிவிக்கிறோம்.' போட்டோ எந்தக் குழுக்களில் பரவியதோ அங்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். இந்த இரண்டுக்கு மட்டும் வருத்தம் சொல்லுங்கள். அலகுக்கும் தனிமத்துக்கும் டெசிபலுக்கும் சொல்ல வேண்டாம். பயத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டால் உங்கள் நியாயமான மூன்றும் அநியாயமான இரண்டோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். இனிமேல் கேலிச் சார்ட் என்றால் அது கேலி என்பது தலைப்பிலேயே தெரியட்டும். அடிக்குறிப்பை நம்பாதீர்கள், போட்டோவில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

டெம்போக்காரர் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சேனலுக்கு முறையாகப் புகார் எழுதுங்கள். டிவி செய்திக்கு பிரஸ் கவுன்சில் கிடையாது, அது அச்சுப் பத்திரிகைக்கு. கேபிள் டிவி விதிகளில் 2021-ல் கொண்டுவந்த மாற்றப்படி சேனலில் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், உங்கள் புகாருக்கு 15 நாளில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அவர்களுடைய சுய ஒழுங்கு அமைப்புக்குப் போகலாம், அதற்கு மேல் மத்திய அரசுக்கும் போகலாம். அந்த ஒன்பது தேதியும், டெம்போக்காரரிடமிருந்து எழுதி வாங்கிய வாக்குமூலமும் போதும். தாமதிக்காமல் அனுப்புங்கள். புகாரை எழுதிக் கொடுக்க எனக்கு ஃபீஸ் வேண்டாம்.

கடைசியாக உங்கள் பெரியம்மா. இதை நான் வக்கீலாகச் சொல்லவில்லை. சார்ட்டைக் கழற்றுவதற்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பொய்க் காகிதத்திலிருந்து அவர் தன் பிள்ளைக்காக ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஊரார் யாராவது 'அது பசங்க போட்ட ஜோக்' என்று சிரித்துக்கொண்டே சொல்லி அவருக்குத் தெரிய வரக் கூடாது. அவன் நோயை வைத்து மொத்த ஊரும் சிரித்தது என்றுதான் அவருக்குத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அதுதானே நடந்திருக்கிறது? வலிப்பு என்ற சொல்லை ஒரு மனிதனை அசிங்கப்படுத்த நீங்கள் எடுத்தீர்கள், உங்கள் வீட்டிலேயே ஒரு பிள்ளை அந்த மாத்திரையை விழுங்குகிறான்.

பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் தனியாகப் போங்கள், நண்பர்கள் வேண்டாம். 'பெரியம்மா, அந்த ரிப்போர்ட் பொய், எழுதினது நான்தான்' என்று முதலில் சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நிஜமானதைச் சொல்லுங்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு கட்டுக்குள் இருக்கும், அவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. பெரியம்மா கேட்ட கேள்விக்கு 'ஆமாம், வருவான்' என்று நீங்கள் தைரியமாகவே சொல்லலாம், அதற்கு அந்த டிவிக்காரர் தேவையில்லை. அவன் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போய்வாருங்கள். பாலக்காட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அவர் ஒருவராகவே அவனைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறார் என்று நினைக்கிறேன்.